கட்டுக் கம்பி ராட்சசியும் ஸ்டெல்லா அக்காவும்

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்குப் போகும் பஸ் படப்பைக் கடைத்தெரு நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது ஆரோக்கியம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. ஸ்டெல்லா அக்காவின் தம்பி அவர். "முத்து, அக்கா போய்ட்சிம்மா" என்றார். பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ மாறி மாறி பென்னலூர் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டு வாசலில் நாற்காலிகள் போட ஆரம்பித்திருந்தார்கள். உள்ளே நுழையும்போதே ஒரு உறவுக்காரப் பெண்மணியின் குரல் காதில் விழுந்தது. "பாவம், கல்யாணமும் கட்டல. பொம்மய வெச்சிகினே காலத்த ஓட்டிட்சி."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லை மறுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்காவைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

ஒரகடத்தில் கார்களுக்குள் போகும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சுற்றிக் கொடுக்கும் கம்பெனியில் நாங்கள் ஒரே லைனில் நின்றோம். நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். அக்கா உள்ளூர். என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே, "ஞாயித்துக்கெழம இன்னா பண்ணப்போற? வூட்டுக்கு வா, ராட்சசன் படம் பாக்கலாம்" என்றார். கறிக்குழம்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் போனேன்.

கறிக்குழம்பு கிடைத்தது. கூடவே படமும். அக்காவின் அப்பா ஒரு காலத்தில் ஸ்ரீபெரும்புதூரில் டெக்கும் வீடியோ கேசட்டும் வாடகைக்கு விட்டவர். கடை மூடியபோது யாரும் எடுக்காத கேசட்டுகள் வீட்டுக்கு வந்துவிட்டன. எல்லாம் பழைய வெளிநாட்டு மாயாஜாலப் படங்கள். கொம்பு முளைத்த பூதம், கப்பலை வளைத்து நொறுக்கும் கடல் மிருகம், இறக்கை வைத்த பாம்பு. அவற்றையெல்லாம் அக்கா ஒரு பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். அன்று திரையில் வந்த மிருகம் வெட்டி வெட்டி நடந்தது. ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் உடம்பு முழுக்க நடுங்கியது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்னக்கா இது, கீ கொடுத்த பொம்மை மாதிரி!"

அக்கா படத்தை நிறுத்தினார். கோபப்படவில்லை. டிவி பக்கத்தில் போய் நின்று மிருகத்தின் முதுகைத் தொட்டுக் காட்டினார். "இந்த மயிரு சிலுத்துகினே கீது பாத்தியா? காத்துன்னு நெனைக்காத. ஒருத்தர் இத்த கையால துளியூண்டு நவுத்தி வெச்சி ஒரு போட்டோ எடுக்கணும். மறுபடி துளியூண்டு, மறுபடி ஒரு போட்டோ. நாள் பூரா எடுத்தா ரெண்டு மூணு செகண்டு ஓடும். ஒவ்வொரு வாட்டியும் வெரல் பட்டு மயிரு கலையும். நீ பாக்குறது அந்த வெரல."

படத்தை மறுபடி ஓடவிட்டார். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பென்டிரைவில் இருந்த எல்லாப் படங்களையும் பார்த்து முடித்தேன். ஹாஸ்டலில் இருந்து மேலும் சிலர் வர ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டரில் செய்யும் இந்தக் காலத்து மிருகங்கள்தான் நிஜம் மாதிரி இருக்கின்றன என்று ஒருத்தி சொன்னாள். "நெஜம் மாதிரி இருக்குறது ரோட்லயே நெறைய கீது. இது கை வெச்சா மட்டும்தான் நவுரும். எனக்கு அதான் வேணும்" என்றார் அக்கா.

பிறகு அவரே ஒரு ராட்சசியைச் செய்தார். ஒன்றரை முழ உயரம், ஆறு கைகள், பல்லி முகம். எலும்புக்குக் கம்பி, சதைக்குப் பழைய மெத்தைப் பஞ்சு, தோலுக்குக் கிழிந்த மழைக்கோட்டு. கதை சின்னதுதான். பென்னலூர் ஏரியிலிருந்து ராட்சசி எழுந்து வருகிறாள். ஊரே ஓடுகிறது. அவளோ நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்ட கம்பெனி பஸ் ஒன்றைத் தூக்கி, உள்ளே இருக்கும் பெண்களைச் சிந்தாமல் சிதறாமல் அவரவர் வீட்டு வாசலில் இறக்கி வைக்கிறாள். பஸ்ஸை அட்டைப் பெட்டியில் செய்தோம். ராட்சசியை நகர்த்துவது அக்கா, போனில் போட்டோ எடுப்பது நான். ஒரு ஞாயிறு முழுக்க எடுத்தால் அவள் நாலு எட்டு நடந்திருப்பாள்.

அப்போதுதான் அது நடந்தது. நாங்கள் எடுத்த போட்டோ ஒன்று லைனில் கைமாறிக் கைமாறி சூப்பர்வைசரிடம் போய்விட்டது. அதில் ராட்சசியின் பாதத்தில் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு மின்னியது. கம்பெனியின் காப்பர் வயரைத் திருடிப் பொம்மை செய்திருக்கிறாள் என்று அவர் மேலே எழுதிக் கொடுத்துவிட்டார். திருட்டு என்று முடிவானால் வேலை போய்விடும். அக்கம்பக்கத்துக் கம்பெனி எதிலும் வாசலைக்கூட மிதிக்க முடியாது. பொம்மையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். போட்டோவில் என் கையும் இருந்ததால் என்னையும் கூப்பிட்டார்கள்.

ஆபீஸ் மேசையில் ராட்சசி மல்லாந்து கிடந்தாள். சூப்பர்வைசர் இறங்கிய குரலில்தான் பேசினார். "ஒத்துக்கிட்டு ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. வார்னிங்கோட விட்டுடச் சொல்றேன்."

எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அக்காவின் காதில் சொன்னேன். இதை ஒத்துக்கொள்ள எனக்கு இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை.

"எடுக்காத வயருக்கு இன்னாத்துக்கு சார் லெட்டரு?"

"அப்ப அறுத்துக் காட்டு."

"நான் அறுக்க மாட்டேன். சந்தேகம் உங்களுது. நீங்களே அறுங்க. உள்ள உங்க வயரு இல்லன்னா, நாளைக்கி லைன் மீட்டிங்ல அத்தினி பேரு முன்னாடியும் சொல்லணும்."

"சரி, சொல்றேன்" என்று அவர் கத்தியை எடுத்தார். தொண்டையிலிருந்து அடிவயிறு வரைக்கும் ஒரே இழுப்பு. பஞ்சு பிதுங்கி வெளியே வந்தது. அக்கா கண்ணை மூடவில்லை. உள்ளே இருந்தது கட்டுக் கம்பி. வீடு கட்டும் இடத்தில் கொத்தனார்கள் கம்பிகளைச் சேர்த்து முறுக்குவார்களே, அந்தத் துருப்பிடித்த கம்பி. பாதத்தில் துரு தேய்ந்துபோன இடம்தான் போட்டோவில் மின்னியிருக்கிறது. "சரி, போங்க" என்றார் சூப்பர்வைசர்.

மறுநாள் மீட்டிங்கில் அவர் அன்றைய டார்கெட்டைச் சொன்னார், ஓ.டி. பட்டியலைப் படித்தார், கலையச் சொன்னார். யாரும் கலைவதற்கு முன்னால் அக்கா கையைத் தூக்கினார்.

"சார், நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி கீது."

அவர் காதில் விழாதது போல நின்றார். அக்கா சாப்பாட்டுப் பையில் மடக்கி வைத்திருந்த வயிறு கிழிந்த ராட்சசியை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். "நான் வயரு திருடிட்டேன்னாங்க. அறுத்துப் பாத்தாங்க. உள்ள கட்டுக் கம்பிதான் இருந்திச்சி. அவர் சொல்றேன்னு ஒத்துகினாரு, சொல்லல. அதான் நானே சொல்லிட்டேன். வேலையப் பாக்கலாம் வாங்க." பின்வரிசையில் ஒருத்தி கைதட்டினாள். அப்புறம் எத்தனை பேர் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

அதற்கான தண்டனையும் வந்தது. குப்பை ஷெட்டை ஒட்டி ஒரு தனி மேசை. கெட்டுப்போன வயர்க் கட்டுகளைப் பிரிக்கிற வேலை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. போய்க் கேட்டால் பழைய இடத்துக்கே மாற்றுவார்கள் என்று பலரும் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. கம்பெனியை விட்டு நிற்கவும் இல்லை. ராட்சசியின் வயிற்றைக் கறுப்பு நூலால் பெரிய பெரிய தையலாகத் தைத்தார். தோல் நிறத்திலேயே நூல் வாங்கி வருகிறேன் என்றேன். "வாணாம். வெட்னது தெரியட்டும்" என்றார். மீதிப் படம் முழுக்க அவள் அந்தத் தையலோடுதான் நடந்தாள்.

எடுத்து முடிக்க இன்னும் ஏழு மாதம் ஆனது. மொத்தம் இரண்டரை நிமிடம். ஜன்னலைப் போர்வையால் மறைத்துவிட்டு ஒரு ஞாயிறு மதியம் பதினொரு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். ராட்சசி பஸ்ஸைத் தூக்கிய இடத்தில் ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி விசிலடித்தாள். "ஏ, என்னய எங்கூட்டு வாசல்ல எறக்கி விடுத்தா!" என்று கத்தினாள். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார்.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அக்கா அப்படியேதான் இருந்தார். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஒரு அம்மா, இந்த நேரத்தில் பேய், பூதம் எல்லாம் பார்க்கலாமா, ஜெபம் செய்யக்கூடாதா என்று கேட்டார். "அதுவும் பண்றேன். ஆண்டவரு ரெண்டையும் பாத்துகினுதான் கீறாரு" என்று சொல்லிவிட்டு அக்கா போனைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார்.

அக்கா இறந்த அன்று வீட்டில் கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் தேடினார்கள். பாஸ்போர்ட் போட்டோ ஒன்று கிடைத்தது. அதில் அக்கா அக்கா மாதிரியே இல்லை. நான் என் போனில் இருந்ததைக் காட்டினேன். ஆறு கை ராட்சசியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நேராகப் பார்க்கிற படம். சாவு வீட்டில் இதையா வைப்பது, கோயில்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று சத்தம் எழுந்தது. ஆரோக்கியம் அண்ணன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "எங்கக்கா செஞ்சது. இத்தயே போடு" என்றார். பென்னலூர் திருப்பத்தில் நான்கு நாட்கள் அந்தப் பேனர் நின்றது. ஷிப்டு பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

கல்யாணமாகிப் படப்பைக்கு வந்த நாளிலிருந்து இந்தப் படங்களை நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, யாரும் கேட்டால் சும்மா பார்க்கிறேன் என்று சொல்லித்தான் பார்த்து வந்தேன். போன ஞாயிறு, மாமனார் மாமியார் எல்லோரும் இருக்கும்போதே கூடத்து டிவியில் போட்டேன். மிருகம் வெட்டி வெட்டி நடந்து வந்தது. என் கணவர் எட்டிப் பார்த்து, "சின்னப்புள்ளைங்க படத்தை இவ்வளவு சத்தமா வெச்சிருக்கியே?" என்றார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அப்போது என் வாயில் வந்த பதில்தான்.

"இது சின்னப்புள்ளைய படம் இல்ல. எனக்குப் பிடிச்ச படம். பாக்கணும்னா உக்காருங்க. சத்தத்தைக் குறைக்க மாட்டேன்."