ஜமால் அண்ணனின் பெயர் நோட்டு

ஜமால் அண்ணன் இறந்த செய்தி எங்கள் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மஃரிப் என்னும் மாலைத் தொழுகைக்குப் பின் அடக்கம் என்றிருந்தது. அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அவரை வேலையை விட்டு அனுப்பிய முதலாளியும் "அருமையான மனிதர்" என்று போட்டிருந்தார். நானும் ஒரு கும்பிடு போட்டேன். அத்தனை பேரிலும் போடத் தகுதியில்லாதவள் நான்தான்.

பெரியநாயக்கன்பாளையத்தில், துணி உலர்த்தும் இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதும் சிறிய கம்பெனி அது. ஆறு பேர் எழுதுவதும் ஒரே புரோகிராமில் போய்ச் சேரும். ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் வேரியபிளுக்கு இரண்டு பேர் ஒரே பெயரை வைத்தால், ஒருவருடைய மதிப்பை மற்றவருடையது அழித்துவிடும். அதற்காக அண்ணன் ஒரு நோட்டுப் போட்டிருந்தார். பெயர் வைக்கிறவர் அது எதற்கென்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். "ஏற்கெனவே ஆளிருக்கற ஊட்ல போயி சாமான எறக்கக்கூடாதுங்க அம்மணி. நோட்டைப் பாத்துப்போட்டுப் பேரு வையுங்க" என்பார். நாங்கள் அதை ரேஷன் கார்டு என்று கேலி செய்வோம்.

ஒருநாள் அவசரத்தில் நான் நோட்டைத் திறக்கவில்லை. விசிறியின் வேகத்துக்கு 'ஸ்பீடு' என்று பெயர் வைத்தேன். உருளையின் வேகத்துக்கு அண்ணன் அதே பெயரை முன்பே பதிந்திருந்தார். பெருந்துறை ஆலையில் ஓட்டிப் பார்த்தபோது, உருளை விசிறியின் வேகத்தில் சுழன்று துணியைக் கிழித்தது. நல்லவேளையாக யார் கையும் மாட்டவில்லை.

புரோகிராம் படிக்கத் தெரியாத முதலாளி நோட்டைக் கேட்டார். 'ஸ்பீடு' என்பதற்கு எதிரே ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது, அண்ணனுடையது.

"இது நீங்க வெச்ச பேருதானுங்களே?"

"ஆமாங்க, நான் வெச்சதுதானுங்க."

துணி கிழிந்த பிறகு, அன்று காலையிலேயே புரோகிராமில் என் வரியைக் கண்டுபிடித்திருந்தவர் அண்ணன். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அந்த மாதத்தோடு அவரை அனுப்பிவிட்டார்கள். ஒழுங்காக எழுதி வைத்தவருக்கு வேலை போனது. எழுதாத எனக்கு அவருடைய நாற்காலி கிடைத்தது.

கிளம்பும்போது நோட்டை என் மேசையில் வைத்தார்.

"ஏனுங்ண்ணா, எம்பேரைச் சொல்லியிருக்கலாமல்லங்க?" என்றேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேனுங்க அம்மணி."

பிறகு ஆர்.எஸ்.புரத்தில் கடை கடையாகப் போய் பில் போடும் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். எதிரே கண்டால் நான் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த நோட்டுதான். இன்று அவர் கையெழுத்துக்குக் கீழே 'ஸ்பீடு, விசிறிக்கு' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். அவரை அறிந்த எல்லோரும் பார்க்கட்டும் என்று படமெடுத்துக் குழுவில் அனுப்பினேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்திருக்கிறது. இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.