களாக்காய் ஏற்றிய போதை

கொத்தமல்லி வாங்கத்தான் மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு கூறு களாக்காயோடு திரும்பினேன். "நல்லா பழுத்து கீதுக்கா, ஊறுகாய்க்கு ஆவாது," என்று கடைக்காரம்மாவே உண்மையைச் சொல்லிவிட்டார். பழுத்ததுதான் வேண்டும் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒரு காம்பைக் கிள்ளினேன். பிசுபிசுவென்று பால் விரலில் ஒட்டியது. அவ்வளவுதான், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இவள் தனியாகச் சிரிக்கிறாளே என்று வீட்டில் பயந்துவிட்டார்கள். நீங்கள் பயப்பட மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அக்காவுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் சர்ச் குடும்பங்களில் கேக் வெட்டி ஒயின் கொடுப்பது வழக்கம். அந்த வருஷமோ எங்கள் வீட்டில் ஒயின் என்று மூச்சு விட முடியாது. அப்பா டிரில் மாஸ்டர். அவர் விசில் ஊதினால் பள்ளிக்கூடமே நேராக நிற்கும். சாயங்காலமானால் அவருக்கு மட்டும் நேராக நிற்க வராது. அப்படிப்பட்டவர் மாதா கோயிலில் முழங்கால் போட்டு, ஒரு வருஷம் ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, மூன்று மாதம் ஓட்டியும் விட்டார். அந்த மூன்று மாதமாகத்தான் அம்மா சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒயின் மாதிரி இருக்க வேண்டும், ஒயினாக இருக்கக் கூடாது. அம்மா களாக்காயைப் பிடித்தாள். பழுத்ததாகப் பொறுக்கி, வேகவைத்து மசித்து, வேட்டித் துணியில் வடிகட்டி, சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் போட்டுக் காய்ச்சினால் கறுஞ்சிவப்பில் ஒரு சாறு. ஆகஸ்ட் மாதத்தில் வீடு கிறிஸ்துமஸ் வாசனை அடித்தது. ருசி பார்க்கும் வேலை எனக்கு. பன்னிரண்டு வயதில் அவ்வளவு பொறுப்பாக நான் வேறெதையும் செய்ததில்லை; பல் கூசி இரண்டு நாள் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. ஊற்றி வைக்க இறுக்கமான மூடி போட்ட பாட்டில் வேண்டுமே? எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்! பரணிலிருந்து அப்பாவின் காலி பிராந்தி பாட்டில்களை இறக்கி, வெந்நீரில் நான்கு தரம் கழுவினோம்.

விசேஷம் மொட்டைமாடியில். தண்ணீர் கேட்டு அடுக்களைக்கு வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்துவிட்டார். நேராக மேலே போய், பிராந்தி இருக்கிறது என்று எல்லோர் காதிலும் ஓதிவிட்டார். ஐஸ் போட்டு முதல் சுற்று வந்தது. பெரியப்பா ஒரே மடக்கில் குடித்துக் கண்ணை மூடினார்.

"இன்னா சரக்கு சம்பந்தி இது! ஜிவ்வுன்னு ஏறுது!"

மூன்றாவது டம்ளரில் கோட்டைக் கழற்றினார். நான்காவதில் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார். ஐந்தாவதில் ஆட ஆரம்பித்தார். அவர் தம்பிகள் ஆடினார்கள், சர்ச் பாட்டுக்குழு முழுசாக ஆடியது, மாப்பிள்ளை கேக் கத்தியோடு ஆடினார். நானும் தள்ளாடினேன். சத்தியமாக எனக்குத் தலை சுற்றியது.

அம்மா முகம் வெளுத்துவிட்டது. இரண்டு நாள் புழுக்கத்தில் சாறு புளித்துவிட்டதா? மூடியைத் திறந்தபோது புஸ்ஸென்றதே! அப்பா வேறு அதற்குள் இரண்டு டம்ளர் முடித்திருந்தார். அவரை மாடிப்படிக்கு இழுத்து வந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"ஏங்க, மாதா மேல ஆணையா சொல்லுங்க. ஏறுதா?"

அப்பா டம்ளரை முகர்ந்தார். நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார்.

"இருபது வருஷம் குடிச்சவன் சொல்றேன், மேரி. இதுல ஒண்ணுமே இல்ல. அவங்க சும்மா ஆடுறாங்க."

அம்மா படியிலேயே உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். "எழுந்திரு, நாமளும் சும்மா ஆடுவோம்," என்றார் அப்பா. குடிக்காத அப்பா ஆடி நான் பார்த்தது அன்றுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த மொட்டைமாடி வீட்டை இடித்து அங்கே ஐந்து மாடி கட்டிவிட்டார்கள். இன்று எங்கள் விசேஷங்களில் அசல் ஒயினே தருகிறார்கள். ஏசி ஹாலில் ஒரு வாய் குடித்துவிட்டு எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள். அப்பாவின் ஒரு வருஷக் கெடு முடிந்த அன்று விடியுமுன்னே அம்மா எழுந்து, தூங்குகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவர் கண் விழித்துக் காபி கேட்டாராம். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் அவர் காபிதான் கேட்டார். ஆனாலும் அம்மா தினமும் எழுந்து முகத்தைப் பார்த்தாள். இப்போது கேட்கிறவரும் இல்லை, பார்க்கிறவளும் இல்லை.