கம்ப்யூட்டரில் மட்டும் சார்ஜ் ஏறும்

அந்த எம்பி த்ரீ பிளேயருக்குச் சுவரில் குத்துகிற சார்ஜர் கிடையாது. எனக்குக் கிடைக்கவிருந்த வேலை போனதற்கு அதுதான் காரணம் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கு ஒன்றும் நட்டமில்லை.

கல்யாணமான மறுவருஷம் அது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் சவுதியில் ஏசி மெக்கானிக். லீவில் ஊருக்கு வந்த பக்கத்து வீட்டு அண்ணன் கையில் அதைக் கொடுத்து விட்டிருந்தார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே அவருக்குப் பிடித்த பாட்டுகள். கடைசிப் பாட்டு முடிந்ததும் அவர் குரல் வந்தது. "பிள்ளே, இதுல பேசினா பதியும். நீயும் பேசி, அந்த அண்ணன் திரும்பி வரும்போ குடுத்து விடு. போனுல நாம என்னத்த பேச?"

உள்ளதுதான், போனில் ஒன்றும் பேச முடியாது. வீட்டுக்கு ஒரே செல்போன். அது மாமியின் இடுப்பில் இருக்கும். மகன் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைப்பாள். என் முறை வந்தாலும் நகர மாட்டாள். "மறைச்சுப் பேச என்ன கெடக்கு?" என்பாள். சுகமா, சாப்பிட்டாச்சா, அங்கே வெயிலா. எங்கள் தாம்பத்தியம் இந்த மூன்று கேள்விகளுக்குள் நடந்துகொண்டிருந்தது.

எனக்கோ பேசியே தீர வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. நான் பி.எட். முடித்தவள். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஜூனில் சேர வேண்டும். மாமி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "ஊரான் பிள்ளைக்கு மூக்கு தொடைக்கவா உன்னைக் கெட்டிக் கொண்டு வந்தது?" மகன் "போகட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவளால் தடுக்க முடியாது. மகனிடம் மட்டும் அவள் எதிர்த்துப் பேச மாட்டாள். அந்த ஒரு வார்த்தையை வாங்க எனக்கிருந்த ஒரே வழி இந்தத் தீப்பெட்டிதான்.

அதற்குள் பாட்டுக் கேட்டுக் கேட்டே அதன் சார்ஜைத் தீர்த்திருந்தேன். கூட வந்தது ஒரு சாண் வயர். அதைக் கம்ப்யூட்டரில்தான் குத்த முடியும். வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் கொழுந்தனுடையது. அவன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலை தன்னைத் தேடி வீட்டுக்கே வரும் என்று கட்டிலில் காத்துக் கிடந்தவன். பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். மீன்காரி வந்தால்கூட வாசல்படியைத் தாண்டாமல் வாங்க வேண்டிய வீடு அது.

கம்ப்யூட்டரின் முன்பக்க ஓட்டை என்றோ செத்துப்போயிருந்தது. மேசைக்கடியில் தவழ்ந்து, ஒட்டடைக்குள் தலையை நுழைத்து, பின்பக்கத்தைத் தடவிக் குத்த வேண்டும். முதல் தடவை எப்போதும் தலைகீழாகத்தான் இருக்கும். ஒருவழியாகக் குத்திவிட்டாலும் கம்ப்யூட்டர் முழித்திருக்கும்வரைதான் சார்ஜ் ஏறும். அது தூங்கினால் இதுவும் நின்றுபோகும். தேங்காய் அரைத்த கையோடு ஓடி வந்து மவுசை ஆட்டிவிட்டு ஓடுவேன். தொட்டில் ஆட்டுகிற மாதிரிதான், ஆனால் பிள்ளை தூங்கிவிடக் கூடாது என்று ஆட்டுவது. பாதி ஏறும்போது கரண்டு போகும். கரண்டு வந்தால் மாமி வருவாள். "சவத்துக்குப் பாட்டு கேக்கதுக்கு கரண்டா?" என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் போவாள். பதறிப்போய் வயரை உருவினால் கொழுந்தன் கட்டிலில் கிடந்தபடியே சொல்வான். "அப்பிடிப் புடுங்கப்படாது மைனி. எடுக்கட்டுமான்னு கம்ப்யூட்டர்ட்ட கேட்டுட்டுதான் எடுக்கணும்." அந்த வீட்டில் வயரை உருவுவதற்கும் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு பாயிண்ட் சார்ஜ் சேர்ந்தது. மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு, புறவாசலில் துவைக்கிற கல்லின் பக்கம் குந்தியிருந்து பேசினேன். வேலையைச் சொன்னேன். எனக்குப் போக ஆசை என்று சொன்னேன். அம்மா விட மாட்டாள், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். இந்த வீட்டில் நான் வாயைத் திறப்பதே மீனுக்கு உப்பு பார்க்கத்தான் என்றும் சொன்னேன். முடித்து பட்டனை அமுக்கியதும் அது அணைந்துபோனது.

அப்படியே கொடுத்தனுப்பியிருக்க வேண்டும். அங்கே போய் அவர் சார்ஜ் போட்டுக் கேட்டிருப்பார். பதிந்ததா இல்லையா என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்காமல் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த அண்ணன் புறப்படுவதற்கு முந்தின நாள், கொழுந்தன் வெளியே போயிருந்த நேரம் பார்த்துக் குத்தி வைத்துவிட்டு மீன் கழுவப் போனேன். சார்ஜ் ஏற்றுவது வேறு, உள்ளே இருப்பதைத் திறந்து வைப்பது வேறு என்றுதான் நினைத்திருந்தேன். கணக்கு டீச்சருக்கு அவ்வளவுதான் அறிவு.

சாளைக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. கொழுந்தன் எப்போது திரும்பி வந்தானோ, ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "அம்மா, இஞ்ச வா. மைனி பேசியிருக்கத கேளு." கத்தியும் கையுமாக நடையில் போய் நின்றேன். மாமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, உப்பு பார்க்கிற பேச்சுவரை ஒன்று விடாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் கொழுந்தனிடம், "ஒருக்கா கூட போடு மக்கா" என்றாள். இரண்டாவது தடவை ஓடும்போது என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதை அவன் அழித்தான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அதில் மாமி பேசினாள். அன்றைக்கு யாரும் சுவிட்சை அணைக்கவில்லை. கரண்டும் போகவில்லை. முதல்முறையாக அந்தச் சவம் முழுக்க சார்ஜ் ஏறி நின்றது. மறுநாள் காலையில் நேந்திரங்காய் வற்றலோடு சேர்த்து என் கையாலேயே அந்த அண்ணனிடம் கொடுக்க வைத்தாள்.

அடுத்த வாரம் போன் வந்தது. நடுவீடு, ஸ்பீக்கர், பக்கத்தில் மாமி.

"நீ ஒண்ணும் பேசலியே பிள்ளே. அம்மா மட்டும்லா பேசியிருக்கா."

நான் மாமியைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"ஏதோ டீச்சர் வேலை வந்துதாம். உனக்குப் போக இஷ்டம் இல்லேன்னு சொல்லுகா. உள்ளதா?"

மாமி போனை என் வாய்க்குக் கிட்டத்தில் நகர்த்தி வைத்தாள். அவர் சவுதியில் இருந்தார். நான் அவள் வீட்டில் இருந்தேன்.

"உள்ளதுதான்" என்றேன்.

"செரி, உன் இஷ்டம்" என்றார்.

இப்போது மாமிக்குக் காது கேட்காது. அவர் வாங்கிக் கொடுத்த மெஷினைக் காதில் வைத்தால்தான் மகன் குரல் கேட்கும். அந்த மெஷினுக்கும் ஒரு சின்ன வயர் இருக்கிறது. சார்ஜ் போடுவது என் பொறுப்பு. அவர் கூப்பிடுகிற நேரமானால் மாமி வெறும் காதைத் தடவிக்கொண்டு, "பிள்ளே, சார்ஜு ஏறிச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "ஏறிட்டு இருக்கு மாமி" என்பேன். அது அவளுக்குக் கேட்காது. வயர் என் மடியில் சுருண்டு கிடக்கும்.