பேஸ் கிட்டாரின் முனகல்

பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கி வந்த அன்றே அதில் விடாமல் ஒரு முனகல் கேட்டது. பழுது பார்ப்பவரிடம் கொடுக்க என் கௌரவம் இடம் தரவில்லை. யூடியூபில் இத்தனை படித்தது பின்னே என்னத்துக்கு? தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பை மாற்றினேன், குமிழ்களை மாற்றினேன். இரைச்சலைத் தடுக்குமென்று ஆரியசாலைக் கடைத்தெருவில் மெல்லிய செம்புத் தகடு வாங்கி உள்ளே முழுக்க ஒட்டினேன். ஒயரைப் பற்றவைக்கிறேன் என்று விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கிட்டாரை மறுபடி கழற்றி மேஜைமேல் பரப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“அதான் பிரிச்சுப் போட்டாச்சே, பின்னே என்னத்தைக் கேக்கறேள்?”

“இந்த முனகலைத்தான். உனக்குக் கேக்கலையா?”

அவள் பூஜை அறைக்குள் போய், நவராத்திரிக்கு நானே வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டியை அணைத்தாள். வீடு கப்சிப் என்றாகிவிட்டது.

“பாடி முடிச்சாலும் நான் இதை அணைக்கறதில்லை, கேட்டேளா. சுவாமிக்கு இருக்கட்டும்னு விட்டுடுவேன்.”

நான் மேஜையில் கிடந்த கிட்டாருக்குள் ஒட்டியிருந்த செம்புத் தகட்டை ஒருமுறை அழுத்தித் தேய்த்தேன்.

“இப்போதான் நன்னா ஒட்டியிருக்கு” என்றேன்.