சருகுக்கு அடியில் ஒரு கிணறு

தொண்ணூறுகளின் கடைசியில், ஜெர்சி சிட்டிக்கு நான் வந்த புதிது. இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கலாம் என்று என் கணவர் ஒரு சனிக்கிழமை என்னை வடமேற்கு நியூ ஜெர்சியின் மலைப்பக்கம் அழைத்துப் போனார்.

காட்டுப்பாதையில் நெடுந்தூரம் நடந்தபின் மரங்களுக்கு நடுவே இடுப்பளவு கல்சுவர்கள் தெரிந்தன. ஒரு காலத்தில் வயல்களுக்கு வேலியாக இருந்தவை. சற்றுத் தள்ளி வீடுகளின் அடித்தளங்கள், கூரையோ சுவரோ இல்லாமல் தனியாக நிற்கும் ஒரு புகைபோக்கி. விவசாயக் குடும்பங்கள் கைவிட்டுப்போன ஊர் என்று ஓர் அறிவிப்புப் பலகை சொன்னது. ஏன் போனார்கள் என்று எழுதியிருக்கவில்லை. அங்கே ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

"போலாங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"ஒரே ஒரு போட்டோ. அந்தச் சிம்னி பக்கத்துல நில்லு, சூப்பரா இருக்கும்," என்று சருகுகளுக்குள் இறங்கினார்.

மரப்பலகை முறியும் சத்தம் கேட்டது. திரும்பினால், மார்புக்கு மேலேதான் அவர் தெரிந்தார். பழைய கிணறு. அதை மூடியிருந்த பலகை உளுத்துப்போய்ச் சருகுக்கு அடியில் கிடந்திருக்கிறது. விளிம்புக் கல்லைக் கட்டிக்கொண்டு தொங்கினார். உடைந்த துண்டு தண்ணீரில் விழும் சத்தம் வெகு ஆழத்திலிருந்து வந்தது.

"கிட்ட வராத, நீயும் விழுந்துடுவ! ஓடிப்போய் யாரையாவது கூட்டிட்டு வா!"

யாரை? வழியில் ஒருவரையும் பார்க்கவில்லை. செல்போன் கிடையாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் திரும்பி வரும்வரை அந்தக் கைகள் தாங்காது என்பது மட்டும் தெரிந்தது.

துப்பட்டாவை முறுக்கி, கிணற்றை ஒட்டி நின்ற மரத்தில் கட்டினேன். குப்புறப் படுத்து ஊர்ந்து, மறுமுனையை அவர் மணிக்கட்டில் சுற்றினேன். ஜாக்கெட் காலரைப் பற்றி இழுத்தேன்.

"கல்லு இடுக்குல காலை ஊனுங்க!"

ஊன்றிய கல் பெயர்ந்து விழுந்தது. அவர் ஒரு சாண் சரிந்தார். காலரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அடுத்த முறை கால் நிலைத்தது. வயிறு தேய மேலே ஏறிப் புரண்டு வந்தார்.

திரும்பும் வழியில், அந்தக் காட்டைப் பராமரிக்கும் பார்க் அலுவலகத்தில் சொன்னோம். அங்கிருந்த பெண் உடனே ஆளனுப்பி அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார்.

ஹைவேயில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் என் கணவர் காரை ஓரமாக நிறுத்தினார்.

"அம்மாகிட்ட சொல்லிடாத."

"மாட்டேன்," என்றேன். என் பற்கள் தந்தியடித்தன. ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டு, அவர் சட்டைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.