மண்டி போட்ட கிரில் அடுப்பு

எங்கள் அப்பாவுக்கு எதையும் சந்தேகப்பட்டுத்தான் பழக்கம். கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பார். யாராவது சும்மா நலம் விசாரித்துவிட்டுப் போனால், "இவனுக்கு என்ன வேணுமாம்?" என்பார். அதனால், அப்பாவின் தங்கையான கோயமுத்தூர் அத்தை பொங்கலுக்கு வந்தபோது, எங்களுக்கு ஒன்று, சித்தப்பா வீட்டுக்கு ஒன்று என ஒரே மாதிரி இரண்டு கிரில் அடுப்புப் பெட்டிகளைக் காரிலிருந்து இறக்கியதும், அப்பா நன்றி சொல்லவில்லை. "ரெண்டும் ஒரே அளவுதானா?" என்றுதான் கேட்டார்.

"டேப்பு வெச்சு அளந்தே பாத்துக்குங்ணா" என்றாள் அத்தை. அண்ணன்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

எங்கள் ஊரான எருத்தேன்பதியில் எங்கள் தோப்பும் சித்தப்பா தோப்பும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் பொதுக் கிணறு. மோட்டார் போடும் முறையில் ஒருநாள் வாய்த்தகராறு முற்றி, அண்ணனும் தம்பியும் ஒரு வருசத்துக்கு மேல் முகம் பார்த்துப் பேசவில்லை. பிள்ளைகள் போகலாம், வரலாம். ஆனால் திரும்பி வந்ததும் விசாரணை உண்டு. அங்கே என்ன சாப்பிட்டாய், என்ன கேட்டார்கள், கேட்கும்போது சிரித்தார்களா என்பதுவரை சொல்ல வேண்டும்.

இந்த லட்சணத்தில் சித்தப்பாவின் கடைக்குட்டிக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்த நாள் பார்த்துவிட்டார்கள். எங்கள் பங்காளிகளில் மூத்தவர் தேங்காய் உடைத்தால்தான் அங்கே பூசை தொடங்கும். மூத்தவர் அப்பா. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாத இடத்துக்கு நான் எதற்குப் போக வேண்டும் என்று இவர் இருந்தார். சொந்தக் கோயிலுக்கு வர அண்ணனுக்கு அழைப்பு வேறு வேண்டுமா என்று அவர் இருந்தார். நாள் நெருங்க நெருங்க, வாசலில் பைக் சத்தம் கேட்டாலே அப்பா எட்டிப் பார்ப்பார். வந்தது வேறு யாராவது என்றால் முகம் தொங்கிப்போகும். எனக்கே பாவமாக இருந்தது.

அம்மா அப்பாவுக்கு ஒரு படி மேலே. சித்தியின் பேச்சை எடுத்தாலே, "அவ ஒரு அமுக்குணி" என்று முடித்துவிடுவாள். இரண்டு பேரும் தினமும் விடியலில் ஒரே பால் சொசைட்டிக்குத்தான் பால் ஊற்றப் போவார்கள். அங்கே திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது அம்மாவின் வாக்குமூலம்.

பெட்டி பிரிக்கப்படாமலே நெல் கொட்டும் பத்தாயத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. தம்பி பிரிக்கட்டும், அதில் என்ன கோளாறு வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா காத்திருந்தார். சித்தப்பாவும் அதே யோசனையில் இருந்திருப்பார், ஒரே வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா! அந்த வாரத்தில் ஒரு விடியலில் அம்மா சொசைட்டிக்குக் கிளம்பும்போது ஒயர் கூடைக்குள் 'டங் டங்' என்று சத்தம் கேட்டது. நானும் வருகிறேன் என்று எழுந்தேன். "நீ தூங்கு சாமி, அது கேன் மூடி சத்தம்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பொறுமை இழந்து பெட்டியைப் பிரிக்க உட்கார்ந்தார். கத்தி வைக்கப்போனவர் அப்படியே நின்றார். "டேப்பு ரெண்டு தடவ ஒட்டியிருக்குது. இத ஆரோ பிரிச்சிருக்காங்க."

அதன்பின் அந்த அடுப்புக்கு நல்ல காலமே இல்லை. கரி போடும் தொட்டி சரியாக இருந்தது, மூடி இருந்தது, கம்பிவலை இருந்தது. இரும்புக் கால்கள்தான் வம்பு செய்தன. நான்கும் வெளிப்பக்கமாக வளைந்து நிற்க வேண்டும் என்று உள்ளே இருந்த தாளில் படம் போட்டிருந்தது. இடப்பக்கத்துக் கால்கள் இரண்டும் சமர்த்தாகப் பொருந்தின. வலப்பக்கத்தில் மாட்டியவை உள்பக்கமாக மடங்கின. துளைக்கு நேராகத் துளை வரவில்லை. அப்பா ஒரு போல்ட்டை அடித்தே இறக்கினார். நிமிர்த்தி வைத்ததும் அடுப்பு வலப்பக்கம் மண்டி போட்டது, மூடி உருண்டு கோழிக்கூண்டுவரை போனது.

முதல் சந்தேகம் அத்தையின் வீட்டுக்காரர்மேல் விழுந்தது. பழசை வாங்கிப் புதுசு என்று தலையில் கட்டிவிட்டாராம். அடுத்தது கடைக்காரர்மேல். பெட்டியைக் கட்டி அத்தைக்கே திருப்பி அனுப்புகிறேன் என்று அப்பா கயிறு தேடியபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, அனுப்பறதுக்கு முன்னால அவிங்க ஊட்டு அடுப்பு எப்புடி நிக்குதுன்னு பாக்க வேண்டாமா? நல்லதெல்லாம் அங்க போயிருந்தா?"

அப்பாவின் கை கயிற்றோடு நின்றது. அடுத்த நிமிடம் நான் ஒற்றனாக அனுப்பப்பட்டேன்.

சித்தப்பா வீட்டு வாசலில் நான் கண்ட காட்சியை மறக்கவே முடியாது. அதே அடுப்பு அங்கேயும் மண்டி போட்டிருந்தது, ஆனால் இடப்பக்கமாக. சித்தப்பா ஸ்பேனரும் கையுமாக, எங்கள் அப்பா எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். "உங்கப்பன் அனுப்புச்சானா?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு ஓடி வந்தேன்.

சேதியைக் கேட்டதும் அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம் வலக்கால் இரண்டும் அங்கே இருக்கின்றன, அவர்களுடைய இடக்கால் இரண்டும் இங்கே இருக்கின்றன. அப்படியானால் மாற்றியது தம்பிதான். எதற்காக மாற்றினான் என்று மட்டும் விளங்கவில்லை. "கையும் களவுமாப் புடிக்கறேன்" என்று பொருந்தாத இரண்டு கால்களையும் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். ஒரு வருசத்துக்குப் பிறகு அவர் இரு தோப்புக்கும் நடுவிலிருந்த வாய்க்காலைத் தாண்டியதை நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கண்டிப்பாக அடிதடிதான் என்று நினைத்தேன்.

"கால எதுக்குடா மாத்துன?" என்றார் அப்பா, வாசலில் நின்றபடியே.

"நா ஏனுங்ணா மாத்தறேன்? மாத்திப்போட்டு எம்பட அடுப்பையே நொண்டியாக்குவனா? நீங்கதான் மாத்தியிருப்பீங்க."

அப்பா கீழே உட்கார்ந்து துண்டைப் பிரித்தார். சித்தப்பாவும் தன் பங்குக்கு இரண்டு கால்களைக் கழற்றி நீட்டினார். ஒருவர் கொடுத்ததை மற்றவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முதலில் சித்தப்பாவின் அடுப்பில் மாட்டினார்கள். அப்பா பிடித்துக்கொள்ள, சித்தப்பா போல்ட்டைத் திருகினார். நாலு காலில் அது நிமிர்ந்து நின்றதும், தள்ளிப் பார்த்தார்கள், ஆட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை.

"நிக்குதுங்ணா" என்றார் சித்தப்பா.

"ம்" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்துச் சித்தி உள்ளேயிருந்து ஒரு தட்டோடு வந்து, அதைச் சித்தப்பாவின் கையில் திணித்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய். சித்தப்பா தட்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வர்ற வெள்ளிக்கெழமை பாப்பாவுக்குக் காது குத்துங்ணா. நீங்க வந்துதான் தேங்கா ஒடைக்கோணும்."

அப்பா கிரீஸ் படிந்த கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து, அது வெளுத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். சந்தோசத்தில் நான் குதித்துவிட்டேன்.

தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் போட்டுப் பற்ற வைத்தார்கள். சித்தி காலையிலேயே மசாலா தடவி ஊற வைத்த கோழியைச் சட்டியோடு கொண்டுவந்தாள். யாரும் கூப்பிடாமலே அம்மாவும் வந்து சேர்ந்தாள், கையில் எல்லோருக்கும் அளவாக நறுக்கிய வாழை இலை. புகைக்கு நடுவில் அண்ணனும் தம்பியும், இது அத்தை வீட்டுக்காரருடைய வேலையாகத்தான் இருக்கும் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். அப்பா இன்றுவரை அவரை நம்புவதில்லை.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. "ஏஞ்சித்தி, அடுப்புத்தான் நிக்கவே இல்லியே. அப்பறம் எதுக்குக் காலைலயே கோழிய ஊற வெச்சீங்க?" என்று கேட்டேன்.

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டென்று ஒரு முழுத் தொடையை எடுத்து என் இலையில் வைத்து, "தின்னு சாமி, ஆறிப்போயிரும்" என்றாள்.

துப்புத் துலக்கியதற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக் கெத்தாகத் தின்றேன். அது என் வாயை அடைக்க வைத்த தொடை என்பதும், சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன எங்கள் கேனுக்கு பிளாஸ்டிக் மூடிதான், அது 'டங் டங்' என்று சத்தம் போடாது என்பதும் எனக்கு உறைக்கப் பல வருசம் பிடித்தது.