இறங்காத கிரேன்காரர்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவருக்கு ‘இறங்காதவர்’ என்றே பெயர். காலையில் கிரேனின் ஏணியில் ஏறினால், வேலை முடிந்துதான் தரையை மிதிப்பார். நடுவில் ஒன்றுக்குப் போக இறங்கினால் கான்கிரீட் இறுகிவிடும் என்று சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி ஏசுவார். அந்த வாய்க்குப் பயந்து இவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் வேகும் கண்ணாடிக் கூண்டுக்குள் நாக்கு வறள உட்கார்ந்திருப்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. நல்ல பெருமைதான், போங்கள்.

உடம்பு சும்மா விடுமா? தலை வலித்தது, தினமும் வலி மாத்திரை போட்டார். கால் வீங்கியது, பெரிய செருப்பாக வாங்கினார். பாதி ஏணியில் மூச்சு வாங்கியது; பீடியின் மேல் பழியைப் போட்டு அதை விட்டார். ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாக வம்புக்கு வருவதாக நினைத்து, தனித்தனியாகவே பஞ்சாயத்து பண்ணினார். ஒருநாள் கூண்டிலேயே மயங்கி விழ, கயிறு கட்டி இறக்கினார்கள்.

“எல்லாம் ஒண்ணுதாங்க,” என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. “தண்ணியில்லாம காஞ்ச கிட்னியை, மாத்திரை போட்டே முடிச்சிட்டீங்க. கழிவும் நீரும் உடம்புலயே தங்கி, பிரஷர் ஏறிடுச்சு. ரத்தம் ஊறச் சொல்லி எலும்புக்குச் சேதி அனுப்புறதும் கிட்னிதான். அது படுத்ததும் ரத்தமும் குறைஞ்சுபோச்சு. இதயம் ஒத்தையா மாரடிக்குது.”

“மருந்து சாப்பிட்டா திரும்ப மேல ஏறலாமா?”

“இனிமே கிட்னி வேலையை மெஷின்தான் பார்க்கணும். கிரேனை மறந்துடுங்க.”

இப்போது அவர் தண்ணீருக்குத் தவிக்கிறார். குடித்த நீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்று மனைவி அளந்துதான் ஊற்றுகிறாள். கெஞ்சினால், “குடிக்க வேண்டிய காலத்துல குடிக்கல,” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

கிரேனுக்கு அவள் தம்பி வந்தான். சேர்த்துவிட்டவரே இவர்தான். டயாலிசிஸ் நேரத்தில் பார்க்க வந்தவனின் உதடு வெடித்திருந்தது.

“மேல தண்ணி கொண்டுபோறியா மாப்ள?”

“கொண்டுபோயி? இறங்க விட்டாத்தானே. மாத்துக்கு ஒரு ஆள் கேட்டேன். ‘உங்க மச்சான் இத்தனை வருஷம் இறங்கினாரா, உனக்கு மட்டும் என்ன’ங்கிறார் சூப்பர்வைசர். உங்களை வச்சுத்தான் எல்லாருக்கும் வேலையே போடுறாங்க.”

“என் கதியைச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன் மச்சான். அது அவர் உடம்பு வாகுன்னுட்டார்.”

அவர் எழப் பார்த்தார். கையில் சொருகியிருந்த குழாய் இழுத்தது. மைத்துனன் வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனான்.